அத்தியாயம் 7: "பல்லு வலிக்கு ஒரு செட்டு குடுண்ணா"

சாயங்காலம் ஆறரைக்கு மேல் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். கிரஷர் தூசி தலையில் வெளுத்துக் கிடக்க, கன்னத்தைக் கையால் தாங்கியபடி ஒருவர் வருவார். "ண்ணா, பல்லு வலி உயிரு போவுது. ஒரு செட்டு குடு." செட்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு கேஸ் மாத்திரை. சில கடைகளில் கூடவே பொடிசாக ஒரு ஸ்டீராய்டு. இரண்டு நிமிடத்தில் ஆள் போய்விடுவார். அடுத்த வாரம் அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்.

இவர் பல் மருத்துவரிடம் போகமாட்டார். போனால் ஒரு நாள் கூலி போச்சு. போதை மறுவாழ்வு மையத்துக்கும் போகமாட்டார். தான் போதைக்கு அடிமை என்று அவர் நினைக்கவே இல்லை. அசதிக்கு ஒரு கட்டிங், கையில் ஒரு ஹான்ஸ் பாக்கெட், அவ்வளவுதான். அந்த இரண்டு இடங்களுக்கும் கிடைக்காத ஆள் உங்கள் கல்லாவுக்கு எதிரே தானாக வந்து வாயைத் திறக்கிறார். இங்கிலாந்தில் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் பலர் மெத்தடோன் மருந்தைத் தெருமுனை மருந்துக்கடையில், மருந்தாளுநரின் கண்ணெதிரே குடிக்கிறார்கள். அதனால் மருத்துவரைவிட மருந்தாளுநர்தான் அவர்களை அதிகம் பார்க்கிறார். வாய் நலம் பற்றி அவர்களிடம் பேச ஏற்ற இடமும் மருந்துக்கடைதான். நம் ஊரில் மெத்தடோன் கிடையாது. செட்டு மாத்திரை இருக்கிறது. ஆள் திரும்பத் திரும்ப வருவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

பேசுவது உங்கள் வேலையா என்று கேட்கலாம். 2015-ல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகளில் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணியாகவே இருக்கிறது. அதற்கென்று தனி அறை வேண்டியதில்லை. குரலைத் தாழ்த்தினால் போதும்.

எது எங்கே உட்காருகிறது

போதைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் வாயில் ஓரிடம் உண்டு. அந்த இடம் தெரிந்தால் பாதி கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

ஹான்ஸ், கைனி போடுகிறவர் கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, அல்லது கன்னத்தின் ஒரு பக்கத்தில் அதக்குவார். வருடக்கணக்கில் ஒரே இடம்தான். அங்கே தோல் வெளுத்துச் சுருங்கி, சொரசொரப்பாக இருக்கும். ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரியும். கல்குவாரிக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகளிடம் கைனியோடு சுண்ணாம்பும் சேர்வதால் அந்த இடம் வெந்தே போயிருக்கும். கூல் லிப் பையன்களின் விஷயம் வேறு. சின்னப் பொட்டலத்தை உதட்டுக்குள் செருகிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஆசிரியருக்குத் தெரியாது. மாணவர்களிடையே இது பரவியதைப் பார்த்து, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் வாய்ப்புண் ஜெல் கேட்டு மாதத்தில் இரண்டாம் முறை வந்தால், "உதட்டுக்குள்ளயா, நாக்குலயா?" என்று மட்டும் கேளுங்கள். உதட்டுக்குள் என்றால் விஷயம் புரிந்துவிடும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் ஆயாக்களை மறந்துவிடாதீர்கள். நடவுக்குப் போகிற பெண்களில் எத்தனை பேர் மடியில் சுருக்குப்பை இல்லாமல் போகிறார்கள்? பொடியை விரலால் தொட்டு ஈறில் தேய்த்துக்கொள்கிற கிழவிகளும் உண்டு. அதைப் பல் துலக்குவதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பது 1992-லேயே தடைசெய்யப்பட்டது. கையால் தொட்டுத் தேய்ப்பதை எந்தத் தடை தடுக்கும்? 2016–17-ல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. ஐந்தில் ஒருவர். உங்கள் கடை வாசலில் நிற்கும் வரிசையை எண்ணிப் பாருங்கள்.

பாக்கு தனிக் கதை. "புகையிலையை விட்டுட்டேன், இப்ப வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவரைப் பாராட்டி அனுப்பிவிடுகிறோம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. பாக்கு, மாவா, பான் மசாலா போடுகிறவருக்கு வாயின் உள்தோல் நாராக இறுகும். முதலில் காரம் தாங்காது. ரசம் பட்டாலே எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். அவருடைய மூன்று விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் அன்றே பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய ஆள் அவர்.

குடி வாயைக் காய வைக்கும். எச்சில் குறைந்தால் சொத்தை கூடும். வாந்தியில் வரும் அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். சரியாகச் சாப்பிடாததால் வாயோரம் வெடிக்கும். கீழே விழுந்து முன்பல் உடையும். கஞ்சாவும் வாயைக் காய வைக்கும், அதோடு இனிப்பு தின்னத் தூண்டும். ஆனால் குடியும் புகையிலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்குத்தான்.

இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் விளக்கிச் சொல்ல ஒரு பெயரே போதும். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1968-ல் நியூயார்க் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டும் 1969 பிப்ரவரி 3-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். புகையிலை போடும் பழக்கம்தான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. இன்று காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். புள்ளிவிவரம் சொன்னால் தலையாட்டுகிற பெரியவர்கள், அண்ணாவைப் பற்றிச் சொன்னால் வாயில் இருப்பதை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சை எங்கே தொடங்குவது

பழக்கத்தில் தொடங்காதீர்கள். பல்லில் தொடங்குங்கள். "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் ஊர்க்காரர் நிற்கும்போது வேறென்ன சொல்வார்? நான் வழக்கமாகப் பேசுவது இப்படி:

"எந்தப் பக்கம்ணா வலி?"

"இந்தாண்ட. கீழ."

"வலிக்கு வேற எதாச்சும் வெச்சுப் பாத்தீங்களா? கிராம்பு, ஹான்ஸ்?"

"ஹான்ஸ் வெச்சா கொஞ்சம் மரத்துப் போவும்ணா."

ஹான்ஸைக் கிராம்போடு சேர்த்து மருந்துபோலக் கேட்டதால் அவர் மறைக்கவில்லை. பல்வலிக்காகவே புகையிலையைத் தொட்டவர்கள் நம் கிராமங்களில் ஏராளம், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. கொஞ்ச நேரம் மரக்கத்தான் செய்யும். அதை மறுத்து வாதாடினால் நீங்கள் தோற்பீர்கள். "மரத்துப் போறதாலதான் உள்ள கெடுறது தெரியல" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் வாய்க்குள் விரல் விடாதீர்கள், நோய்ப் பெயரும் சொல்லாதீர்கள். அது நம் வேலை அல்ல. அவர் கையிலேயே கேமரா உள்ள போன் இருக்கிறது. டார்ச்சைப் போட்டு, கன்னத்தை இழுத்து, ஒரு படம் எடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி. இதில் எது இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், மருந்தால் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரம் என்ற கணக்கை ஒருபோதும் நீட்டாதீர்கள். "வலிக்கலையே" என்பார். ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் வம்பு.

இந்த ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் உட்காரத் தகுதியில்லாதவர்களின் பட்டியல் அதில் உண்டு. பெரும்பாவம் செய்தவர்கள் அதில் வருகிறார்கள். குடி அந்தப் பாவங்களில் ஒன்று. ஊராட்சிக்கு அந்த விதி சரியாக இருக்கலாம். மருந்துக்கடைக் கல்லாவுக்கு அது செல்லாது. நாற்றமடிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய் அதே செட்டை வாங்கிக்கொள்வார். பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெற்றிலை போடுவதை வெளிப்படையாகப் பேசும் ஆயா, குடிப்பதைச் செத்தாலும் சொல்லமாட்டார்.

மாத்திரை கொடுக்கும்போது

தினம் குடிக்கிறவருக்கு வலி மாத்திரை என்பது இடர் நிறைந்த இடம். டைக்ளோபினாக், கீட்டோரோலாக் போன்றவை குடிப்பவரின் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்கும். அவற்றுக்குச் சீட்டு வேண்டும் என்று சட்டம் சொல்வது சும்மா அல்ல. பாராசிட்டமால்தான் பாதுகாப்பு என்று நினைத்தாலும், ஈரல் கெட்டவருக்கு நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு. "டபுள் டோஸ் போட்டுக்கறேன்" என்பவரிடம் இதை எழுதிக் கொடுங்கள். பல் மருத்துவர் சீட்டில் மெட்ரோனிடசோல் இருந்தால், மாத்திரை முடியும்வரையும் முடிந்து மூன்று நாள்வரையும் சரக்கு கூடாது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும் என்று காரணமும் சொல்லுங்கள். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சரக்கை விடாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். அதனால் "மாத்திரை நாளும் அதுக்கப்புறம் மூணு நாளும் எப்ப உங்களால குடிக்காம இருக்க முடியும்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அது சரிப்படாது என்றாலோ, குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர் என்றாலோ மருத்துவருக்கே போன் செய்து மாற்று மருந்து கேட்கலாம்.

மாத்திரையைப் பல்லின்மேல் நசுக்கி வைக்கிற வழக்கமும் இருக்கிறது. ஆஸ்பிரின் ஈறைப் பொசுக்கிவிடும். கிராம்புத் தைலத்தையும் பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக்குள் மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

மவுத்வாஷ் கேட்டால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஆல்கஹால் கணிசமாக இருக்கும். குடியை விட்டவருக்கு அதைக் கொடுப்பது பழைய வழியைக் காட்டுவதாகும். டைசல்பிராம் சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம். அந்த மாத்திரையைக் குடும்பத்தார் வாங்கிப் போகும்போதே சிரப்பு, மவுத்வாஷ், டானிக் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் கொடுத்தால் 10 மி.லி., நாளுக்கு இருமுறை, பற்பசை போட்டு அரைமணி கழித்து, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். டீயும் வெற்றிலையும் சேர்ந்தால் பல்லில் பழுப்பு ஏறும். சொல்லாமல் கொடுத்தால் "உன் மருந்துலதான் பல்லு கறுத்துப் போச்சு" என்று சண்டைக்கு வருவார். நியாயமான சண்டைதான் அது.

இரவு பல் துலக்கச் சொல்லும் அறிவுரை குடிக்கிறவரிடம் செல்லாது. இரவு அவர் எந்த நிலையில் வீடு சேருவார் என்று அவருக்கே தெரியாது. வேலை முடிந்து குளிக்கும்போதே துலக்கச் சொல்லுங்கள். புளோரைடு கலந்த பேஸ்ட், சின்ன டியூப் போதும். செங்கல்பொடியும் அடுப்புக்கரியும் வேண்டாம். வாந்தி எடுத்தால் உடனே துலக்காமல் வெறும் நீரில் கொப்பளிக்கட்டும். அமிலம் பட்ட பல்லை உடனே தேய்த்தால் தேய்மானம்தான் மிச்சம். விழுந்து முழுப் பல் வந்துவிட்டால் வேரைத் தொடாமல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆவின் பாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நிகோடின் கம்

2 மி.கி. கம்முக்குச் சீட்டு வேண்டியதில்லை, 4 மி.கி.க்கு வேண்டும். விற்பது சுலபம், சொல்லித் தருவதுதான் வேலை. பபுள்கம்போல மென்று எச்சிலை விழுங்கி, "தொண்டை எரியுது, விக்கல் வருது, வேலைக்காவாது" என்று இரண்டாம் நாளே தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஹான்ஸ் போடுகிறவருக்கு இது மிக எளிதில் புரியும். ஒதுக்கும் வித்தை அவருக்கு ஏற்கெனவே கைவந்தது. "நாலைஞ்சு தடவை மெல்லுங்க. சுருக்குன்னு காரம் ஏறுச்சுன்னா நிறுத்தி, ஹான்ஸ் ஒதுக்கற மாதிரி ஒதுக்கிடுங்க. காரம் அடங்குனா மறுபடி மெல்லுங்க. அரைமணி நேரம் ஓடும்." ஒரே ஒரு திருத்தம்: பழைய இடத்தில் வைக்காமல் பக்கம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கம் போடுவதற்குக் கால்மணி முன்பிருந்து டீ, காபி, கூல்டிரிங்ஸ் கூடாது. வாய் திறக்காதவருக்கும், மெல்லப் பல் இல்லாதவருக்கும், கர்ப்பிணிக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும் கம்மைக் கையில் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதல் மூன்று நாள்தான் கடினம். ஒரு தவிப்பு சில நிமிடங்களில் அடங்கும். அந்தச் சில நிமிடத்துக்கு வாயில் சோம்போ ஏலக்காயோ இருக்கட்டும், பாக்கு வேண்டாம்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாம் வீண். பீடி, சிகரெட் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதனால் ஈறு நோய் இருந்தும் ரத்தம் வராது. விட்ட பிறகு ரத்த ஓட்டம் திரும்பி, பல் துலக்கும்போது ரத்தம் வரலாம். சிலருக்கு வாய்ப்புண்ணும் வரும். "விட்டதாலதான் வியாதி வந்துச்சு" என்று மறுபடி பற்றவைப்பார்கள். ஈறு உயிர் பெறுகிறது என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ரத்தத்தைப் பார்த்து அவர் பயப்படமாட்டார்.

குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

தலைப்பைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பல் பிடுங்கப் போகிறவரிடம் "நாளையிலேர்ந்து ஒரு சொட்டு தொடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். இருபது வருடமாகத் தினம் குடித்த மனிதர். பேச்சைக் கேட்டார். மூன்றாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து, ஆட்டோவில் தூக்கிப்போனார்கள். பிழைத்துக்கொண்டார், என் அறிவு பிழைத்தது அதற்குப் பிறகுதான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு மடக்கு போட்டால்தான் நிற்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நிறுத்துவதற்கு மருத்துவர் துணை கட்டாயம்.

நம் பகுதியில் நிறுத்துவதற்கென்றே ஒரு காலம் உண்டு. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, அதையொட்டி மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தி இருமுடி. எந்த ஆலோசகரின் பேச்சுக்கும் அசையாதவர்கள் கழுத்தில் மாலை விழுந்ததும் சரக்கையும் பீடியையும் ஒதுக்கி வைக்கிறார்கள். மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர்களிடம் பேசுங்கள். கை நடுங்குகிறவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, மற்றவர்களிடம் "இந்த மண்டலத்துலயே பல்லையும் பாத்துடுங்க சாமி" என்று சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் கொடுக்கவும், பல் பிடுங்கவும், கம் தொடங்கவும் வருடத்தில் இதைவிட நல்ல நாட்கள் இல்லை.

பல்வலி இல்லாத பல்வலி

இளைஞர்கள் சிலர் பல்வலி என்று சொல்லி வந்து மாத்திரையின் பெயரைத் தாங்களே சொல்வார்கள். டிரமடால், டேபென்டடால், நைட்ரசெபம். எந்தப் பல் என்று கேட்டால் தடுமாறுவார்கள். டிரமடாலும் நைட்ரசெபமும் எச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டும் பதிவேடும் கட்டாயம், பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-லிருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. "ஸ்டாக் இல்ல" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், நாளைக்கு வருவார்கள். "சீட்டு இல்லாம யாருக்கும் தர்றதில்ல தம்பி" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லுங்கள். தகராறு வரும் என்று தோன்றினால் தனியாளாகக் கடையைத் திறந்து வைத்திருக்காதீர்கள். ஆனால் அவர்களில் சிலருக்கு நிஜமாகவே பல் கெட்டிருக்கும். வலியை மாத்திரை மறைப்பதால் சொத்தை வேர்வரை போயிருக்கும். மாத்திரையை மறுத்த அதே மூச்சில் பல் மருத்துவரின் நேரத்தைச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது

"ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பது அனுப்புவது ஆகாது. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிவரை இருப்பார் என்று நீங்களே ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். சாலவாக்கம், மானாம்பதி பக்கத்தவர்களுக்கு அவர்களுடைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். மேல்மருவத்தூரிலும் மதுராந்தகம் அருகிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சந்தேகப் புண்ணுக்குக் காரப்பேட்டை. ஒரு துண்டுச் சீட்டில் "வலது கன்னம், வெள்ளைத் திட்டு, 2 மாதம், ஹான்ஸ் 10 வருடம்" என்று எழுதிக் கொடுத்தால், போகிற இடத்தில் அவர் வாய் திறந்து தன் பழக்கத்தைச் சொல்ல வேண்டிய கூச்சம் மிச்சமாகும். சீட்டை மடித்துக் கொடுங்கள். கடையில் நிற்கிற மற்றவர்கள் படிக்க வேண்டாம்.

இன்று கடை சாத்துவதற்கு முன் ஒரு அட்டையில் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். புகையிலையை விட உதவும் இலவசத் தேசிய எண் 1800-11-2356. குடி, போதைக்கு 14446.